தவறிய பாடத்தை மட்டும் மீட்பது: பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு உள்ள வழிகள்

மே மாதத்தில் பொதுத்தேர்வு முடிவு வெளியான மறுநாள், கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி லாஸ்பேட்டையிலோ எந்தத் தேநீர்க் கடையில் நின்றாலும் சில பேச்சுகள் காதில் விழும். "கணக்குல போயிட்டான், ஒரு வருஷம் வீண்." "டுடோரியல்ல சேர்த்துட்டா அவங்களே பாஸ் பண்ண வச்சிடுவாங்க." "ஓப்பன் ஸ்கூல்ல பணம் கட்டினாப் போதும்." "ஐ.டி.ஐ. முடிச்சா பிளஸ் டூ மாதிரிதான்." இவற்றில் முதலாவது பெரும்பாலும் தவறு. இரண்டாவதும் மூன்றாவதும் பணத்தையும் காலத்தையும் சேர்த்துத் தின்னக்கூடிய அரைகுறைச் செய்திகள். நான்காவதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதோடு ஒட்டியிருக்கும் நிபந்தனையை யாரும் சொல்வதில்லை.

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் ஒன்றிரண்டு பாடங்களில் தவறிய மாணவர்களுக்கும், இடையில் பள்ளியை விட்டவர்களுக்கும் என்னென்ன வழிகள் உள்ளன, அவை உள்ளுக்குள் எப்படி இயங்குகின்றன என்பதை முதன்முறையாக இதைப் படிப்பவருக்கும் புரியும்படி இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

குழுக் கடன் அட்டையும் மதிப்பெண் பட்டியலும்

மகளிர் குழுவில் கடன் வாங்கிய அம்மாக்களிடம் ஒரு தவணை அட்டை இருக்கும். பத்துத் தவணையில் ஏழாவது தவணையை மட்டும் கட்ட முடியாமல் போய்விட்டால், அந்த ஏழாவது கட்டத்தில் கையெழுத்து விழாது. அதற்காக முன்பு கட்டிய ஆறு தவணைகளையும் மறுபடி கட்டச் சொல்ல எந்தக் குழுத் தலைவிக்கும் மனம் வராது. சொன்னால் குழுவே கலைந்துவிடும். நிற்கிற தவணையைக் கட்டினால் கணக்கு நேராகிவிடும்.

பள்ளிப் படிப்பின் கணக்கும் இதே போன்றதுதான். மாணவர் தேறிய ஒவ்வொரு பாடமும் அவருடைய பெயரில் வரவு வைக்கப்படுகிறது. இந்த வரவின் அலகுக்குத்தான் கிரெடிட் என்று பெயர்: ஒரு பாடத்தைக் குறிப்பிட்ட நேரம் பயின்று, அதன் மதிப்பீட்டில் தேறியதற்காகக் கணக்கில் ஏறும் அளவு. அமெரிக்காவில் 1906ஆம் ஆண்டிலேயே கார்னகி அறக்கட்டளை, ஒரு பாடத்தில் ஏறத்தாழ 120 மணி நேர வகுப்பை ஓர் அலகாக வரையறுத்தது. அங்கு உயர்நிலைப் பள்ளியை முடிக்க இத்தகைய அலகுகளில் இத்தனை சேர்ந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான மாநிலங்கள் விதித்திருக்கின்றன. ஒரு பாடத்தில் தவறிய மாணவர் கோடை விடுமுறையிலோ, மாலையிலோ, இணைய வழியிலோ அந்த ஒரு பாடத்தை மட்டும் திரும்பப் பயின்று விடுபட்ட அலகைச் சேர்த்துக்கொள்வதை அங்கு "கிரெடிட் ரெகவரி" என்பார்கள். தமிழில் கிரெடிட் மீட்பு எனலாம். வெளிநாட்டில் இருக்கும் அத்தையோ சித்தப்பாவோ தொலைபேசியில் "பையனுக்குக் கோடையில் ரெகவரி கிளாஸ்" என்று சொல்வது இதைத்தான். இதற்கு அங்கேயே ஒரு கண்டனமும் உண்டு. கணினித் திரையில் பதிலைச் சொடுக்கிச் சில வாரங்களில் ஒரு பாடத்தை முடித்துவிட்டால், கணக்கில் அலகு ஏறுகிறது, தலையில் பாடம் ஏறுகிறதா என்று அங்குள்ள ஆசிரியர்களே கேட்கிறார்கள். நம் ஊர் குறுக்குவழிகளைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வி நமக்கும் உதவும்.

இந்தியாவில் 2023இல் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பு, 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட் என்றும், ஓராண்டுக்கு 1,200 மணி நேரம், அதாவது 40 கிரெடிட் என்றும் கணக்கு வகுத்து, பள்ளிப் படிப்பையும் அதற்குள் கொண்டுவந்திருக்கிறது. நம் மாணவர்களின் மதிப்பெண் பட்டியலில் கிரெடிட் என்ற சொல் இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை என்றாலும், அதன் அடிப்படை நெடுங்காலமாகவே நம்மிடம் இருக்கிறது. தேறிய பாடம் தேறியதுதான். தவணை அட்டைக்கும் இதற்கும் ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. கடனுக்கு வட்டி உண்டு, பாடத்துக்கு இல்லை. ஆனால் பாடத்தைக் கட்டித் தீர்ப்பதற்கு விண்ணப்பத் தேதி, தேர்வுப் பருவம் என்று கடைசி நாள்கள் உண்டு, அவற்றைத் தவறவிட்டால் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும்.

ஐந்து வரிகளில் ஒரு மாணவி

ஒரு மாணவியை மனத்தில் வைத்துக்கொள்வோம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் வீடு, தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு. தமிழ் 61, ஆங்கிலம் 44, கணிதம் 22, அறிவியல் 48, சமூக அறிவியல் 53. கூட்டினால் 500க்கு 228.

ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுத்தால் தேர்ச்சி. ஐந்து பாடத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் 175 போதும், இவளிடம் அதைவிட 53 மதிப்பெண் கூடுதலாகவே இருக்கிறது. ஆனாலும் பட்டியலில் தேர்ச்சி இல்லை. ஏனென்றால் மாநிலத் தேர்வில் ஒரு பாடத்தின் மிகுதி இன்னொரு பாடத்தின் குறையை நிரப்பாது. அறிவியலுக்குள் போனால் இதே விதி இன்னும் நுணுக்கமாக இருப்பது தெரியும்: எழுத்துத் தேர்வில் 75க்கு 20, செய்முறையில் 25க்கு 15 என்று இரண்டையும் தனித்தனியே தாண்ட வேண்டும். இவளுடைய 48 என்பது 28உம் 20உம் சேர்ந்தது என்றால் கவலையில்லை.

புதுச்சேரிக்கே உரிய ஒரு வேடிக்கையை இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1826இல் தொடங்கப்பட்ட லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளி இன்றும் அந்நகரில் நடக்கிறது. அங்கு பள்ளி முடிவில் எழுதும் பக்கலோரேயா தேர்வில் விதி தலைகீழ். பாடங்களின் சராசரி 20க்கு 10 இருந்தால் தேர்ச்சி. 8க்கு மேல் 10க்குக் கீழ் நின்றால், இரண்டு பாடங்களில் வாய்மொழித் தேர்வு நடத்தி அந்தக் குறையை மீட்க வாய்ப்புத் தருகிறார்கள். பாடங்களுக்கு அங்கே வெவ்வேறு எடை உண்டு என்பதையும் வகுப்பு வேறு என்பதையும் தள்ளிவைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பார்த்தால், நம் மாணவியின் 228 என்பது 20க்கு 9.12. கடற்கரைச் சாலை ஊரின் அந்த முறையில் இவள் மீட்பு வாய்மொழித் தேர்வுக்குத் தகுதியானவள். இருபது கிலோமீட்டருக்குச் சற்றுத் தள்ளி, கடலூர் முறையில் கணிதம் மட்டும் மறுபடி எழுத வேண்டியவள். பிள்ளை ஒருத்திதான், அறிவும் ஒன்றுதான். தேர்ச்சி, தவறுதல் என்பவை வாரியம் வகுத்த விதியின் விளைவு என்பதைப் பெற்றோருக்கு விளங்கவைக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதுவரை பார்த்ததன் சாரம்: தேர்வு வாரியம் ஆண்டைக் கணக்கிடுவதில்லை, பாடங்களைக் கணக்கிடுகிறது. இந்த மாணவிக்கு நிற்பது ஒரே வரி. இனிப் பார்க்கப்போகும் ஒவ்வொரு வழியையும் "மீதி நான்கு வரிகள் என்ன ஆகும்?" என்ற கேள்வியைக் கொண்டே எடைபோட வேண்டும்.

துணைத் தேர்வு: அதே ஆண்டில் மீட்பது

துணைத் தேர்வு என்பது, மார்ச், ஏப்ரல் பொதுத்தேர்வில் தவறிய பாடத்தை மட்டும் அதே ஆண்டின் ஜூன், ஜூலையில் திரும்ப எழுதும் ஏற்பாடு. தமிழ்நாட்டில் இதை அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. பள்ளியில் படித்துத் தவறியவர் தன் பள்ளி மூலமாகவே விண்ணப்பிக்கலாம். முடிவு வந்து சில நாள்களிலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும். அந்த நாள்களில்தான் வீட்டில் அழுகையும் உறவினர் வருகையும் நடந்துகொண்டிருக்கும் என்பதால், தேதியைத் தவறவிடும் குடும்பங்கள் பல. தவறவிட்டவர்களுக்குத் தட்கல் என்ற பெயரில், கூடுதல் கட்டணத்துடன் இன்னும் இரண்டொரு நாள் கொடுக்கப்படுவது வழக்கம்.

தேறிவிட்டால் அதே ஆண்டிலேயே பதினொன்றாம் வகுப்பிலோ, இடம் இருந்தால் பாலிடெக்னிக்கிலோ, ஐ.டி.ஐ.யிலோ சேரலாம். "ஒரு வருஷம் வீண்" என்ற பேச்சு பெரும்பாலும் தவறு என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

நம் மாணவிக்கு எவ்வளவு வேண்டும்? 22இலிருந்து 35க்கு 13 மதிப்பெண். பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளை விரித்துப் பார்த்தால், ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுத வேண்டியவை 10, ஐந்து மதிப்பெண்ணுக்கு 10, கடைசியில் எட்டு மதிப்பெண்ணுக்கு இரண்டு. அந்தக் கடைசி இரண்டில் ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது, ஒரு முக்கோணத்துக்கு வடிவொத்த முக்கோணம் அமைப்பது, வரைபடத் தாளில் புள்ளிகளைக் குறித்துப் பரவளையம் வரைவது என்று இவற்றின் வகைகள் எண்ணி முடிக்கக்கூடியவை. கூர்மையான பென்சிலும் ஆடாத கவராயமும் கைப்பழக்கமும் இருந்தால், இயற்கணிதத்தில் தடுமாறுகிற பிள்ளைகூட இந்த 16 மதிப்பெண்ணில் பெரும்பகுதியைப் பெற்றுவிட முடியும். அனுபவமுள்ள கணித ஆசிரியர்கள் துணைத் தேர்வுப் பயிற்சியின் முதல் நாள் புத்தகத்தைத் திறக்கச் சொல்லாமல், ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டச் சொல்வார்கள். பாதிப் பேருடைய கவராயத்தில் திருகாணி தளர்ந்து, வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து முடியாது. அதைச் சரிசெய்வதிலிருந்தே மீட்பு தொடங்குகிறது.

வேறொரு வழியும் இருக்கிறது: 33, 34 என்று நூலிழையில் தவறியிருந்தால், துணைத் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டு, கூடவே மறுகூட்டலுக்கும் விண்ணப்பிப்பது. மறுகூட்டல் என்பது விடைத்தாளில் இட்ட மதிப்பெண்களைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பது மட்டுமே. விடையைத் திரும்ப மதிப்பிடுவது மறுமதிப்பீடு. 22 எடுத்தவர் இவற்றை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

புதுச்சேரியில் எந்த வாரியம்?

புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கெனத் தனித் தேர்வு வாரியம் இல்லை. நெடுங்காலம் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டு வாரியத்தையும், மாகே கேரள முறையையும், யானம் ஆந்திர முறையையும் பின்பற்றி வந்தன. இப்போது அரசுப் பள்ளிகள் மத்திய வாரியமான சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன, அவற்றின் மாணவர்கள் முதன்முறையாக 2025இல் அந்த வாரியத்தின் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை எழுதினார்கள். தனியார் பள்ளிகளில் பல தமிழ்நாட்டு முறையிலேயே தொடர்கின்றன. ஆகவே ஒரே தெருவில், ஒரே வீட்டில்கூட, அண்ணன் ஒரு விதியிலும் தங்கை இன்னொரு விதியிலும் தேர்வு எழுதுகிறார்கள். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில் வீடு இருந்து கடலூர்ப் பள்ளிக்குப் பேருந்தில் போகிற பிள்ளைக்குத் தமிழ்நாட்டு விதிதான். வீட்டு முகவரிக்கு இதில் வேலையில்லை, பள்ளி எந்த வாரியத்தைச் சேர்ந்தது என்பதே கணக்கு.

சி.பி.எஸ்.இ. முறையில் தேர்ச்சிக்கு 33 விழுக்காடு. பத்தாம் வகுப்பில் பாடத்துக்குத் தேர்வு 80, பள்ளியின் அகமதிப்பீடு 20. 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு ஆண்டில் இரண்டு தேர்வுகள்: பிப்ரவரியில் தொடங்கும் முதல் தேர்வு எல்லோருக்கும் கட்டாயம், மே மாத இரண்டாம் தேர்வு விருப்பத்துக்குரியது. ஒன்றிரண்டு பாடங்களில் தவறியவர்கள் அதில் எழுதலாம், தேறியவர்களும் மூன்று பாடங்கள் வரை மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ள முயலலாம். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறியவருக்கு ஜூலை மாதத் துணைத் தேர்வு. ஆறாவது பாடமாகத் திறன் பாடம் ஒன்றை எடுத்துத் தேறிய பத்தாம் வகுப்பு மாணவர், கணிதத்திலோ அறிவியலிலோ சமூக அறிவியலிலோ தவறினால், அந்த இடத்தில் திறன் பாடத்தை வைத்துத் தேர்ச்சியைக் கணக்கிடும் விதியும் உண்டு. இது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

பதினொன்றின் அரியர்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் 2017–18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. அதில் தவறியவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தடையின்றிச் சென்று, நின்ற பாடங்களை அரியராக, அதாவது பின்னர் எழுதித் தீர்க்கும் பாக்கியாக வைத்துக்கொண்டார்கள். 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025–26 கல்வியாண்டு முதல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் தவறியவர்களின் பாக்கி தானாகக் கழிந்துவிடவில்லை. "தேர்வையே எடுத்துவிட்டார்கள், அரியரும் போய்விட்டது" என்று நம்பிக்கொண்டு சும்மா இருப்பவர்கள் உடனே தம் பழைய பள்ளிக்குப் போய்க் கேட்க வேண்டும்.

டுடோரியல் தேர்வு நடத்துவதில்லை

டுடோரியல் என்பது பயிற்சி தரும் தனியார் நிலையம். அதற்குத் தேர்வு நடத்தும் அதிகாரமோ சான்றிதழ் தரும் அதிகாரமோ இல்லை. அங்கே சேர்ந்து படிக்கும் மாணவர், வாரியத்தின் பார்வையில் ஒரு தனித்தேர்வர்: பள்ளியில் சேராமல் நேரடியாக விண்ணப்பித்துத் தேர்வு எழுதுபவர். தனித்தேர்வர் அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்குச் சென்று தாமே விண்ணப்பிக்கலாம். அதற்கு டுடோரியலின் துணை கட்டாயமில்லை. நல்ல ஆசிரியர்களைக் கொண்ட நிலையங்கள் இருக்கின்றன, அவற்றால் கரையேறியவர்களும் இருக்கிறார்கள். பயிற்சி வேண்டியவர் போகலாம். பயிற்சிக்குக் கட்டுகிற பணத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பையனுக்கு இது நேர்ந்தது. ஒரு பாடம் மட்டுமே நின்றிருந்தது. ஒரு நிலையத்தில் ஐந்து பாடங்களுக்கும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொண்டு, "எல்லாத்தையும் புதுசா எழுதினாத்தான் ஒரே சர்ட்டிஃபிகேட்டா வரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவனுடைய அப்பா படகுக்கு வலை வாங்க வைத்திருந்த பணத்தைக் கட்டிவிட்டு, மூன்று வாரம் கழித்து வேறொரு பேச்சின் நடுவே எங்களிடம் சொன்னார். பழைய மதிப்பெண் பட்டியலை எடுத்து வந்து மேசையில் வைத்து, நான்கு பாடங்களுக்கு எதிரே இருந்த தேர்ச்சிக் குறியை விரல் வைத்துக் காட்டியபோதுதான் அவருக்கு உறைத்தது. பணம் திரும்பி வரவில்லை. பையன் ஒரு பாடத்தை மட்டும் எழுதித் தேறினான்.

பத்தாம் வகுப்புவரை வராமலேயே பள்ளியை விட்டவர்களுக்கும் இந்தத் தனித்தேர்வர் வழி திறந்திருக்கிறது. தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது நிறைந்தவர் எட்டாம் வகுப்புத் தேர்வையும், பதினான்கரை வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புத் தேர்வையும் நேரடியாக எழுதலாம். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கப் போய்ப் படிப்பை விட்ட பிள்ளைகளுக்கும், அப்பாவுடன் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்ட பையன்களுக்கும் இது முக்கியமான செய்தி. அறிவியல் செய்முறைக்குத் தனியே பெயர் பதிந்து, அதற்கான வகுப்புகளுக்குச் சென்றிருக்க வேண்டும் என்பதை நேரடித் தனித்தேர்வர்கள் மறந்துவிட்டுப் பின்னர் தவிக்கிறார்கள்.

திறந்தநிலைப் பள்ளி: யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்

"ஓப்பன் ஸ்கூல்" என்று பொதுவாகச் சொல்லப்படுவது தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம். இது மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் 1989இல் தொடங்கப்பட்ட தன்னாட்சி அமைப்பு. தமிழ்நாட்டு வாரியம், சி.பி.எஸ்.இ. போல இதுவும் ஒரு தேர்வு வாரியமே. திறந்தநிலை என்பதற்குக் கதவு திறந்திருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். தேர்வு அறையில் காவல் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது, பன்னிரண்டாம் வகுப்புக்கு 15 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வரம்பு கிடையாது.

இது இயங்கும் விதம் பள்ளியிலிருந்து மூன்று இடங்களில் மாறுபடுகிறது. முதலாவது காலம். ஒருமுறை சேர்ந்தால் ஐந்து ஆண்டுகள் செல்லும். அதற்குள் ஒன்பது தேர்வு வாய்ப்புகள். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு பருவம் தேர்வு நடக்கும். தயாரான பாடத்தை இந்தப் பருவம், மற்றதை அடுத்த பருவம் என்று பிரித்து எழுதலாம். இரண்டாவது, பாடங்களைத் தேர்ந்தெடுப்பது. ஒரு மொழியாவது உட்பட ஐந்து பாடங்கள் தேற வேண்டும். கணிதம் வேண்டாம் என்று விட்டுவிட்டு மனையியலையோ வணிகவியலையோ ஓவியத்தையோ எடுக்கலாம். மூன்றாவது மதிப்பீடு. வீட்டிலிருந்து எழுதி ஒப்படைக்கும் பயிற்சிக் கட்டுரைகளுக்கு 20 விழுக்காடு மதிப்பெண், மீதி தேர்வுக்கு. தேர்ச்சி 33 விழுக்காடு. அங்கீகரிக்கப்பட்ட படிப்பு மையங்களில் விடுமுறை நாள்களில் நேர்முக வகுப்புகள் நடக்கும்.

இத்தனை நெகிழ்வு இருந்தும், நம் தேவனாம்பட்டினத்து மாணவிக்கு இது நட்டமே. இங்கேதான் கிரெடிட் மாற்றம் என்ற சொல் வருகிறது: ஒரு வாரியத்தில் தேறிய பாடத்தை இன்னொரு வாரியத்தின் கணக்கில் வரவு வைப்பது. வேறு வாரியத்திலிருந்து வருபவருக்குத் திறந்தநிலைப் பள்ளி பொதுவாக இரண்டு பாடங்களையே இப்படி ஏற்கிறது. இவளிடம் தேறிய பாடங்கள் நான்கு. அங்கே போனால் இரண்டு வரிகள் உடன் வரும், இரண்டு வரிகள் வாசலிலேயே நின்றுவிடும், மூன்று பாடங்கள் புதிதாக எழுத வேண்டியிருக்கும். தன் வாரியத்திலேயே நின்றால் எழுத வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு பாடத்தில் தவறிய பிள்ளையைத் திறந்தநிலைப் பள்ளிக்கு இழுக்கிற இடைத்தரகர் இந்தக் கணக்கைச் சொல்லமாட்டார்.

மூன்று பாடங்களில் தவறி, கணிதமும் அறிவியலும் எத்தனை முறை எழுதினாலும் கைகூடாத மாணவருக்குக் கணக்கு மாறுகிறது. தேறிய இரண்டும் உடன் வருகின்றன, மீதி மூன்றுக்குத் தனக்கு ஏற்ற பாடங்களைத் தேர்ந்துகொள்ளலாம். வேலைக்குப் போகிறவர், உடல்நலக் குறையால் பள்ளிக்குத் தொடர்ந்து செல்ல முடியாதவர், விளையாட்டிலோ நாட்டியத்திலோ முழுநேரம் ஈடுபட்டவர், திருமணத்துக்குப் பின் படிப்பைத் தொடர நினைக்கும் பெண்கள் ஆகியோருக்கும் இது உகந்தது. ஆனால் கணிதத்தைக் கைவிடும்போது பாலிடெக்னிக் போன்ற கதவுகள் சாத்தப்படும் என்பதை அன்றே யோசித்துவிட வேண்டும். பத்து முடித்தபின் பன்னிரண்டுக்கு இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்ற விதி இங்கும் உண்டு; ஒரே மூச்சில் இரண்டு சான்றும் வாங்கித் தருவதாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். ஏறக்குறைய இதே பெயரை வைத்துக்கொண்டு போலி வாரியங்கள் விளம்பரம் செய்வதும் நடக்கிறது. பணம் கட்டுவதற்கு முன், அந்த வாரியம் இந்தியப் பள்ளிக் கல்வி வாரியங்களின் குழுமமான கோப்சேயின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

சுருங்கச் சொன்னால், தவறிய பாடங்கள் ஒன்றோ இரண்டோ என்றால் சொந்த வாரியம். அதற்கு மேல் என்றாலோ, பள்ளி நேரமே ஒத்துவராது என்றாலோ திறந்தநிலைப் பள்ளி.

ஐ.டி.ஐ.யும் அந்தச் சொல்லப்படாத நிபந்தனையும்

தொழிற்பயிற்சி நிலையமான ஐ.டி.ஐ.யில் பல பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் போதும். எட்டை வைத்துக்கொண்டே கம்பியாளராகவோ பற்றவைப்பவராகவோ பயிற்சி பெறலாம். சிப்காட் தொழிற்சாலைகளும் நெய்வேலிச் சுரங்கமும் அருகில் இருக்கும் கடலூர் மாவட்டத்தில் இந்தப் படிப்பை மட்டமாக நினைப்பது, உள்ளபடியே பார்த்தால், அறியாமைதான். அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு.

இனி அந்த நிபந்தனை. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர், பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களைத் தனித்தேர்வராக எழுதித் தேறினால் பத்துக்கு இணையாகக் கருதப்படுகிறார். பத்துக்குப் பின் முடித்தவர் மேல்நிலை வகுப்பின் மொழித் தாள்களைத் தேறினால் பன்னிரண்டுக்கு இணை. மொழித் தாள் எழுதாமல் "பிளஸ் டூ மாதிரிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தால், விண்ணப்பப் படிவத்தில் அது செல்லாது. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் இருக்கிறது.

பொதுத்தேர்வில் தவறியவர்களையும் மேற்படிப்பில் சேராதவர்களையும் தேடிப் பிடித்து வழிகாட்ட, நான் முதல்வன் திட்டத்தின் கீழ் "உயர்வுக்குப் படி" என்ற முகாம்கள் மாவட்டந்தோறும் நடத்தப்படுகின்றன. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் ஆள்கள் அங்கேயே மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். தெருவில் நாலு பேரிடம் கேட்பதைவிட அங்கே ஒருமுறை போய்வருவது மேல்.

சான்றிதழை யார் ஏற்பார்கள்

எந்த வழியில் போனாலும் வரிசை மாறக் கூடாது: பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம். பன்னிரண்டு முடிக்காமலேயே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்கள் ஒரு காலத்தில் ஏராளம். அவ்வாறு வாங்கிய பட்டம் தமிழ்நாட்டு அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009இல் அரசாணை வந்தபோது, பட்டமும் பணி அனுபவமும் இருந்தும் பதவி உயர்வு கிடைக்காமல் நின்றவர்கள் பலர். திறந்தநிலைப் பள்ளியும் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பெயரில் ஒத்திருப்பதால் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணி அஞ்சுகிறவர்களும் உண்டு. பள்ளி தருவது பத்து, பன்னிரண்டுச் சான்று. அது வரிசையை உடைப்பதில்லை. எனினும் குறிப்பிட்ட ஒரு பணிக்கோ கல்லூரிக்கோ வெளிவாரியச் சான்றை இணையாக ஏற்கும் ஆணை நடப்பில் உள்ளதா என்று, சேருவதற்கு முன்பே அந்தத் துறையிடம் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

கடைசியாக ஓர் எழுத்துவேலை. வாரியம் மாறும்போது பெயரும் முன்னெழுத்தும் பிறந்த தேதியும் பழைய மதிப்பெண் பட்டியலிலும் மாற்றுச் சான்றிதழிலும் ஆதாரிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர் பின்னால் ஒட்டியிருக்கும். புதுச்சேரிப் பக்கத்தில் சில வீடுகளில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் வேறொரு பெயரும் இருக்கும். இதை விண்ணப்பிக்கும் நாளிலேயே பள்ளி அலுவலகத்தில் சொல்லித் திருத்திக்கொண்டால் ஒரு மனுவோடு முடிந்துவிடும். சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு என்றால், மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் சென்னைக்கும் நடக்க வேண்டியிருக்கும்.